பாலாற்று வெள்ளமும் வங்கக் கடலின் மிதவை உயிரிகளும்

2021 நவம்பர் 19 அன்று வாலாஜா அணைக்கட்டில் பாலாறு நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் பெருகியது. 1903 வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆறு அப்படிப் பாய்ந்ததில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் கடந்து, வாயலூர் முகத்துவாரத்தில் கடலில் விழுந்தது. எல் நினோ, லா நினா என்னும் பருவநிலைச் சுழற்சி கரையோரக் கடலை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்பவர்கள் இந்த ஆற்றைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெரு நாட்டுக் கரையில் கணக்கு நேரானது. எல் நினோ வந்தால் மேற்பரப்பு சூடேறும், ஆழத்திலுள்ள குளிர்நீரும் நைட்ரேட்டும் மேலெழாது, மிதவைத் தாவரங்கள் குறையும், மீன்வளமும் சரியும்.

வங்கக் கடலில் இந்தக் கணக்கு செல்லாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், உப்பு நீரின்மேல் போர்வை போலப் படிந்து, காற்று கடலைக் கலக்கவிடாமல் தடுக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பி, உப்புக் குறைந்த அந்த நீரைத் தமிழகக் கரைக்குக் கொண்டுவருகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையம் கடல்நீரால் குளிர்விக்கப்படுவதால், அங்கே கடலைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். மழைக்காலத்தில் உப்பு குறைந்து ஊட்டங்கள் கூடுவதும், கோடையில் இது தலைகீழாவதும் அங்கே பதிவாகியுள்ளன. 2007 மார்ச்சில், அலையடங்கிய வெதுவெதுப்பான நீரில் டிரைக்கோடெஸ்மியம் பெருகிப் படர்ந்தது. காற்றின் நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் நுண்ணுயிர் அது. ஆக, வெப்பம் மிதவை உயிரிகளைக் குறைக்கிறது என்று மட்டும் சொல்வது போதாது. எந்த இனம் தழைக்கும் என்பதையும் அது மாற்றுகிறது.

சுழற்சியின் பெயரை வைத்து மழையைச் சொல்வதும் எளிதல்ல. 2016, 2021 இரண்டுமே லா நினா நிலவிய ஆண்டுகள். இந்தியப் பெருங்கடலின் மேற்கு, கிழக்கு வெப்ப வேறுபாட்டைக் குறிக்கும் ‘இருமுனை’ச் சுழற்சியும் இரண்டிலும் எதிர்மறைக் கட்டத்தில் இருந்தது. ஆனால் 2016-இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்தது. 2021-இல் இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகக் கொட்டியது. ஒரே பெயர் தாங்கிய இரு ஆண்டுகளில் கடலுக்குப் போன ஆற்றுநீர் முற்றிலும் வேறு.

அந்த நீரில் என்ன இருந்தது என்பதே அடுத்த கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பல பத்தாண்டுகள் பாலாற்றுப் படுகையில் சேர்ந்தது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோலுக்குப் போடும் உப்பு நிலத்தடி நீரைக் கெடுத்தது. கடலுக்கு அது பொருட்டல்ல. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் அப்படியல்ல. மூவிணைதிறக் குரோமியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்வதால், வறண்ட ஆண்டுகளில் படுகையிலேயே தங்கி, வெள்ளத்தில் வண்டலோடு நகரும். அதே வெள்ளம் நைட்ரேட்டையும் சிலிக்கேட்டையும் கொண்டுபோகிறது. உரமும் உலோகமும் ஒரே நாளில் கடல் சேர்ந்தால் டயாட்டம் என்னும் மிதவைத் தாவரங்கள் பெருகுமா, ஒடுங்குமா என்பதைக் கடல் வெப்பநிலை மட்டும் சொல்லிவிடாது.

இதை அறிய, அளக்கும் இடமும் முக்கியம். கல்பாக்கம், வாயலூர் முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ளது. நவம்பரில் நீரோட்டமோ தெற்கே போவதால், பாலாற்று வெள்ளம் அங்கே சரிவரப் பதிவாகாது. எனவே அடுத்த முறை வாலாஜாவில் வெள்ளம் ஏறும்போது, ஆம்பூரிலும் வாயலூரிலும் அதற்குத் தெற்கே கூவத்தூர்ப் பக்கத்துக் குப்பங்களின் கடலிலும் அதே வாரத்தில் நீரும் வண்டலும் மிதவை உயிரிகளும் சேகரிக்கப்பட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கடலாய்வாளர்களும் அதற்கான ஏற்பாட்டை மழைக்கு முன்பே செய்துவைக்க வேண்டும்.