தோற்றவரின் கதை

ராமேசுவரத்தில் இறங்கி, "கலாம் வீடு எங்கே?" என்று கேட்டால் சிறு குழந்தைகூட மசூதித் தெருவைக் காட்டும். வென்றவர் வீட்டுக்கு வழி சொல்ல ஆள் பஞ்சமில்லை. அதே தேர்தலில் அவரிடம் தோற்றவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம்.

2002-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு மண்டபத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம். எங்கள் கடற்கரைப் பிள்ளை பாரதத்தின் ஜனாதிபதியாகிவிட்டார்! வெடி வெடித்தோம், மிட்டாய் கொடுத்தோம். எதிர்த்து நின்ற அபேட்சகரை நினைத்துச் சிரிக்கவும் செய்தோம். எண்பத்தேழு வயதுப் பாட்டிக்கு இந்த ஆசை எதற்கு?

தெருக்கோடித் தாத்தாவுக்கும் மிட்டாய் கொண்டு போனேன். வாலிபத்தில் கப்பலேறி மலேயாவில் ரப்பர் பால் வெட்டியவர். நேதாஜியின் படையில் இருந்தவர். மிட்டாயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, "கேப்டனம்மா எவ்வளவு வாங்கினாங்க, தம்பி?" என்றார்.

"லட்சத்துச் சொச்சம்தான், தாத்தா. நம்ம ஆளுக்கு ஒன்பது லட்சத்துக்கு மேலே!"

"லட்சமா!" என்று அவர் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு அவங்க பின்னாலே நின்னது ஆயிரம் பொம்பளைப் புள்ளைங்கதானப்பா."

அந்த லட்சக்கணக்கு ஜனங்களின் தலைக்கணக்கு அல்ல என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தேர்தலில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 708. நம் சட்டசபை உறுப்பினரின் வாக்குக்கு 176. அப்படிக் கூட்டித்தான் கலாமுக்கு 9,22,884. லட்சுமி சாகலுக்கு 1,07,366. இந்த அம்மையாருக்கு உண்மையில் வாக்களித்தவர்கள் 459 பேர்.

அன்று மாலைதான் அந்த 'பாட்டி' யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1914-இல் சென்னையில் பிறந்தவர். அம்மு சுவாமிநாதனின் மகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, 1940-இல் சிங்கப்பூருக்குப் போய் ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1943-இல் நேதாஜி அங்கே வந்து பெண்கள் படை ஒன்று வேண்டுமென்றபோது, அதைத் திரட்டித் தலைமை ஏற்றார். ஜான்ஸிராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராத பெண்கள் பலர் அதில் இருந்தார்கள்! 1945-இல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் அகப்பட்டார். போர்க்களத்தில் தோற்ற அனுபவம் அவருக்கு அப்போதே உண்டு.

பின்னர் பிரேம்குமார் சாகலை மணந்து கான்பூரில் வைத்தியசாலை நடத்தினார். 1984-இல் போபாலில் விஷவாயு ஊர்மேல் பரவியபோது வைத்தியக் குழுவோடு அங்கே ஓடினார்.

அப்படிப்பட்டவர், தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் ஏன் நின்றார்? குஜராத்தில் மதக் கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆளும் கூட்டணியோடு காங்கிரஸும் கலாமையே ஆதரித்தது. போட்டியில்லாமல் விட்டால் மாற்றுக் கருத்து என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகும் என்று இடதுசாரிகள் எண்ணினார்கள். ஆளோடு அல்ல, கொள்கையோடு போட்டி என்றார்கள். அவர்கள் அழைத்தார்கள், அம்மையார் சம்மதித்தார்.

1952-இல் அமெரிக்காவில் ஐசன்ஹோவரிடம் தோற்ற ஸ்டீவன்சன் என்ற தாராளவாதி, லிங்கன் சொன்ன ஒரு கதையைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டார். இருட்டில் கால் விரலை இடித்துக்கொண்ட பையனுக்கு அழுவதற்கு வயதும் மிஞ்சிவிட்டதாம். சிரிக்கவோ வலி விடவில்லையாம். அழகான பேச்சுத்தான். ஜெயிக்கலாம் என்று நம்பியிருந்தவருக்கு ஏற்பட்ட வலி அது.

நம் கேப்டனம்மாவுக்கு அந்த வலி இருந்திருக்க நியாயமில்லை. அவர் நாற்காலிக்காக நிற்கவில்லை. நாற்காலி கிடைக்கவில்லையே என்று வருந்தவும் காரணமில்லை. கான்பூரில் நோயாளிகள் காத்திருந்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

2012 ஜூலை 19-ஆம் தேதி டில்லியில் வேறொரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் கான்பூரில் அவருக்கு இருதயம் தாக்கியது. 23-ஆம் தேதி காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்கே எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 2015 ஜூலை 27-இல், ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கலாம் சாய்ந்தார். வென்றவரும் தோற்றவரும் கடைசிவரை கையிலிருந்த வேலையை விடவில்லை.

கலாம் பேய்க்கரும்பில் துயில்கிறார். அவ்வழியே போகும்போதெல்லாம் நானும் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். இன்னொருவருக்குக் கும்பிட ஒரு சமாதி இல்லை. ஆகவே இந்த இரண்டு பக்கத்தை எழுதுகிறேன்.

தாத்தா அன்று மிட்டாயைத் தின்றார். ஆனால் பாதிதான். மீதியைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.