ஒலியலை ஆராய்ச்சி: சிதம்பரம், கடலூர் வட்டாரம்

காற்று, நீர், திடப்பொருள் என எவ்வூடகத்திலும் அழுத்த மாறுதலாகப் பரவிச் செல்லும் அதிர்வு ஒலியலை எனப்படும். விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டுச் செவிக்கு எட்டாது போவது மீயொலி. ஒளி நுழைய மாட்டாத இடங்களின் இயல்பை அறிவதற்கு மீயொலியைப் போல் உதவும் சாதனம் வேறு அரிது.

சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில் நெடுங்காலம் பயின்றுவரும் ஆராய்ச்சிகளுள் ஒன்று, திரவக் கலவைகளில் மீயொலியின் வேகத்தை அளப்பதாகும். குறுக்கீட்டுமானி என்னும் கருவியின் அடியில் பொருத்திய குவார்ட்ஸ் படிகம், மின்சாரத்தால் தூண்டப்பெற்று விநாடிக்கு 20 லட்சம் முறை அதிர, அவ்வலையைத் திருப்பியனுப்பும் உலோகத் தகட்டைத் திருகாணியால் மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு வந்தால், அரை அலைநீளத்துக்கு ஒருமுறை மின்னோட்டம் உச்சத்தை எட்டுவது கண்டு வேகத்தைக் கணிக்கலாம். 25 பாகை வெப்பத்தில் தூய நீரில் அது விநாடிக்கு 1,497 மீட்டர். எத்தில் ஆல்கஹாலில் 1,150 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இவ்விரண்டையும் கலந்தால் வேகம் இடைப்பட்டதாய் இருக்கும் என்று எவரும் எண்ணுவர். ஆனால் நீர் மிகுந்த கலவையில் அது இரண்டையும் விஞ்சி நிற்கிறது! அணுத்திரள்கள் தம்முள் பிணைந்து அமுங்க மறுப்பதே இதற்குக் காரணம். கண்ணுக்குப் புலப்படாத அப்பிணைப்பின் சூட்சுமத்தை ஒரு திருகாணியின் அசைவு வெளிப்படுத்திவிடுவது இவ்வாராய்ச்சியின் தனிச்சிறப்பு. மீயொலி பரவும் திரவத்தின் ஊடே ஒளி சிதறுண்டு செல்லும் முறையைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனும் நாகேந்திர நாதரும் 1935 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினர்.

இதே பல்கலைக்கழகத்தில் 1931-இல் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த ஈழத்து விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் கற்றவர். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டுப் பழந்தமிழ் யாழை மீட்டுருவாக்க முயன்ற அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. குரல், இளி என்னும் சுரங்களுக்கு இடையே உள்ள 2:3 என்னும் உறவு இசைக்கும் பௌதிகத்துக்கும் பொதுவானது.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகம் பாகமாக ஆழம் பார்த்த கடலூர்க் கடற்கரையில், இன்று விசைப்படகுகள் எதிரொலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரை நம்புகின்றன. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், 30 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி 0.04 விநாடியில் திரும்பும். மீன்கூட்டம் குறுக்கிட்டால் அதற்கு முன்பே ஓர் எதிரொலி கிடைக்கும். மீன் இருக்குமிடத்தைக் காட்டுவதன்றி, எவ்வளவு பிடித்தால் போதும் என்று இக்கருவி சொல்வதில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது முன்னறிவிப்பு ஏதுமில்லை. 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் நிறுவப்பெற்றது. ஆழ்கடலின் தரையிற் கிடக்கும் அழுத்தமானிகள் தாம் அளந்ததை ஒலியலை வாயிலாகவே மேலுள்ள மிதவைகளுக்கு உணர்த்த, மிதவைகள் செயற்கைக்கோள் வழியே நிலையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன.