கை மருத்துவத்தின் கதை



சென்ற ஆண்டு அமெரிக்காவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் என் பழைய மாணவர் ஒருவரின் மகள். அந்நாட்டு ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி ஒன்றில் டி.ஓ. பட்டம் பெற்றவள், குடும்ப மருத்துவத்தில் 'ரெசிடென்சி' எனப்படும் மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். “தாத்தா, கைகளால் தசையையும் மூட்டையும் சீர்செய்யும் சிகிச்சையில் மேலும் ஓராண்டு தனிப் பயிற்சி பெறலாமா? உடனே வேலையில் அமரலாமா? படிப்புக் கடன் தலைமேல் நிற்கிறது. உடன் பயின்றவர்கள் அந்த ஓராண்டு வீண் என்கிறார்கள்” என்று கேட்டிருந்தாள்.

நான் மருத்துவன் அல்லேன், சரித்திரம் கற்பித்தவன். ஆகவே அவளுடைய கேள்வியைச் சரித்திரத்தினிடமே கொண்டு சென்றேன். அங்கே கண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எலும்பு, நோய் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே ஆஸ்டியோபதி. இம்முறையைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர். 1828-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். தந்தையார் சமயப் போதகர், வைத்தியமும் செய்தவர். ஸ்டில்லும் அத்தொழிலையே மேற்கொண்டார். 1864-இல் மூளையுறை அழற்சி என்னும் கொடிய நோய் அவர் வீட்டுக் குழந்தைகள் மூவரைக் கொண்டு சென்றது. வைத்தியர் வீட்டிலேயே வைத்தியம் தோற்றது! அக்காலத்து மருந்துகள் எத்தகையவை? பாதரசக் கலவை, அபினி, சாராயம். போதாதென்று இரத்தத்தை வெளியேற்றும் வழக்கம் வேறு. நோயைவிட மருந்துக்கு அஞ்சவேண்டிய காலம் அது.

துயருற்ற ஸ்டில் எலும்புகளையும் தசைகளையும் பல்லாண்டு ஆராய்ந்தார். உடலின் அமைப்பு சீராக இருந்தால் அதன் இயக்கமும் சீராக இருக்கும், உடல் தன்னைத் தானே நலப்படுத்திக்கொள்ளும் என்று கருதி, 1874-இல் தம் கொள்கையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் ஒரு பள்ளியை நிறுவினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இடம் பெற்றனர் என்பது போற்றத்தக்கது. ஆனால் ஒன்றை மறைத்தல் கூடாது. கைச் சிகிச்சையால் ஆகாத பலவற்றையும் ஆகுமென்று நம்பியவர் அவர். அக்கால மருந்துகளைக் கண்டித்ததில் அவர் பெரும்பாலும் சரியே. மருந்து என்பதையே ஒதுக்கியதில் சரியல்லர். அவர் வழிவந்தோரும் இதனை உணர்ந்து, பின்னாளில் மருந்தியலையும் அறுவை மருத்துவத்தையும் தம் கல்லூரிகளில் முழுமையாகக் கற்பித்தனர்.

இனி வருவது அங்கீகாரப் போராட்டம். 1896-இல் வெர்மாண்ட் மாநிலம் இவர்களுக்கு முதன்முதலாக உரிமம் வழங்கச் சட்டம் இயற்றியது. எனினும் இரண்டாம் உலகப் போரில் டி.ஓ. பட்டத்தாரை இராணுவம் மருத்துவ அதிகாரிகளாக ஏற்கவில்லை. 1966-இல்தான் அக்கதவு திறந்தது.

இதற்கிடையே கலிபோர்னியாவில் விந்தையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அங்கிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி, எம்.டி. பட்டம் அளிக்கும் கல்லூரியாக மாற்றப்பட்டது. 1962-இல், 65 டாலர் கட்டணம் செலுத்திய டி.ஓ. மருத்துவர் ஏறத்தாழ 2,000 பேருக்கு எம்.டி. பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே, புதிய டி.ஓ.க்களுக்கு அம்மாநிலத்தில் உரிமம் வழங்குவதும் நிறுத்தப்பட்டது. எண்ணிப் பாருங்கள்: இருவகை மருத்துவருக்கும் உண்மையான வேற்றுமை இல்லையென்று ஒப்புக்கொண்ட செயலன்றோ இது? வேற்றுமை இல்லையெனில் தடை எதற்கு? 1974-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உரிமம் வழங்குவதை மீண்டும் தொடங்கச் செய்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே மற்றெல்லா மாநிலங்களும் முழு உரிமம் வழங்கிவிட்டன. 2020-இல் இருசாராருடைய மருத்துவமனைப் பயிற்சிகளும் ஒரே அமைப்பின்கீழ் வந்து சேர்ந்தன.

சமத்துவம் வந்தது, நன்று. ஆனால் கைத்திறன் என்னவாயிற்று? டி.ஓ. கல்லூரிகளில் மாணவர் சுமார் 200 மணி நேரம் கைச் சிகிச்சை பயில்கின்றனர். பட்டம் பெற்றபின் பலர் அதனைக் கைவிடுகின்றனர். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், விடையளித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் தம் நோயாளிகளில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவருக்கே அச்சிகிச்சையை அளித்ததாகத் தெரிந்தது. வெளியிலிருந்து வந்த தடையைத் தாங்கி நின்ற கலை, உள்ளேயிருந்த பழக்கக் குறைவால் தேய்ந்தது.

தேய்ந்தால் என்ன, பயனற்ற கலைதானே என்பீர்களோ? 1999-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இடுப்புவலி உற்றோரில் ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றொரு சாராருக்குக் கைச் சிகிச்சையும் அளித்துப் பார்த்தனர். வலி குறைந்த அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கைச் சிகிச்சை பெற்றோருக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. அற்புதமன்று, ஆயினும் அற்பமுமன்று.

இக்கலையைத் தனித்துறையாகப் பயில இன்று அங்கே வழி உண்டு. வேறொரு துறையில் பயிற்சி முடித்தவர், அதன்மேல் ஓராண்டிலோ ஈராண்டிலோ இதனை நிறைவு செய்யலாம். முழு ஊதியம் பெறும் வாய்ப்பைத் தள்ளிவைத்துப் பயிற்சியாளராகவே நீடிப்பதுதான் அதன் விலை. கடனுள்ளவருக்கு அது சிறு விலையன்று.

எனக்கு என் ஆசிரியப் பயிற்சி நினைவுக்கு வந்தது. பட்டம் பெற்றபின் ஓராண்டு எதற்கு என்று நானும் முணுமுணுத்தவனே. ஒரு நாள் நான் பாடம் நடத்தும்போது விரிவுரையாளர் பின்வரிசையில் வந்து அமர்ந்தார். நான் எழுதியதை நானே மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். எந்த நூலும் அதனை எனக்குச் சொல்லியிராது. கையால் செய்யும் தொழில் எதுவும், தேர்ந்தவர் ஒருவரின் கண்முன் செய்தே தேறவேண்டும்.

ஆகவே அவளுக்கு இவ்வாறு எழுதினேன்: “அம்மா, மூத்தோர் பட்ட பாட்டுக்காக இதில் சேராதே, அது நன்றிக்கடன், படிப்புக்குக் காரணமாகாது. தோழர்கள் நகைப்பதற்காக விட்டுவிடவும் வேண்டா. ஒரு மாதம் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள். உன் கைகள் அறிந்த அளவு போதுமென்றிருந்த நோயாளிகள் எத்தனை பேர், இன்னும் அறிந்திருந்தால் உதவியிருக்கலாமே என்று வருந்தச் செய்தவர் எத்தனை பேர் என்று நாள்தோறும் எழுது. இரண்டாம் பட்டியல் நீண்டால் சேர்ந்துவிடு. சேர்ந்தாலும், கையால் ஆகாதது எது என்பதையும் நோயாளியிடம் சொல்லத் தவறாதே.”

மூன்று வாரத்தில் விடை வந்தது. இரண்டாம் பட்டியலே நீண்டதாம். கடனை அடைக்க இன்னும் ஓராண்டு கூடுதலாகும் என்று தன் தந்தைக்குச் சொல்லிவிட்டு, பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள்.

மாணவச் செல்வங்களே! சட்டம் ஒரு தொழிலுக்கு உரிமை தரும். அத்தொழிலின் திறனை உயிரோடு வைத்திருப்பவர், அதற்காகத் தம் வாழ்நாளில் ஓராண்டைச் செலவிட முன்வருபவரே. நாளை உங்கள் முன்னும் இத்தகைய ஓராண்டு வந்து நிற்கும். அப்போது பிறர் பேச்சைக் கேட்குமுன் உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள்.