‘லாபம்’ என்று தொடங்கும் எண்ணிக்கை: நெல் அளவையும் அதன் வழக்கும்

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்வதில்லை. ‘லாபம்’ என்று சொல்லிக் கொட்டுவார்கள், அடுத்ததுதான் ‘இரண்டு’. மணமேடையில் குத்துவிளக்கின் பக்கத்தில் வைக்கும் நிறைபடியையும் இதனோடு சேர்த்தால், நிறைவை விரும்பி வெறுமைக்கு அஞ்சும் ஒரு வேளாண் பண்பாட்டின் சித்திரம் எளிதில் கிடைத்துவிடும். அது பொய்யல்ல, பாதிதான். ஒரு சமூகம் ஒருமனதாக ஏற்ற விழுமியங்களைவிட, எதில் அதற்கு ஓயாத வழக்கு இருந்தது என்பதையே படியும் மரக்காலும் தெளிவாகக் காட்டுகின்றன.

கருவியையே பாருங்கள். மரத்தாலான அளவையின் வாய்க்கு உலோகப் பூண் போடுவது அழகுக்காக மட்டுமன்று. விளிம்பு தேய்ந்தாலும் குறையும், சீவிவிட்டாலும் குறையும். அளக்கும் விதம் இன்னும் நுட்பமானது: தலைதட்டினால் நெல் விளிம்போடு நிற்கும், குவித்தால் மேலே ஒரு கூம்பு எழும். எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்பாடு கறாராக இருக்கிறது. ஆனால் கலத்துக்குப் பன்னிரண்டு கூம்புகள் யார் பக்கம் சேரும் என்பதை வாய்பாடு சொல்லாது. எண்ணிக்கையை உரக்க இழுத்துச் சொல்வதும், களத்தில் நிற்கும் எல்லாருடைய காதிலும் அது விழும் என்பதால், ஒருவகைத் தணிக்கையே.

தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலைக் குறிக்கின்றன. அது ‘இராசகேசரி’ என்னும் மரக்காலோடு ஒக்கும் என்றும் சொல்கின்றன. இவை அரசும் கோயிலும் எழுதிவைத்த கணக்கு, மக்களின் மனத்தை இதில் தேடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வெவ்வேறு மரக்கால்கள் புழங்கியிராவிட்டால், இது அதோடு ஒக்கும் என்று கல்லில் வெட்டும் தேவையே எழுந்திராது. இறைவன் பெயர் தாங்கிய அளவையில் குறைத்தால் அது கணக்குப் பிழையோடு நிற்காமல் பாவமும் ஆகிறது; பெயர் சூட்டலை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

‘லாபம்’ வெறும் வாய்ப்பழக்கம், அதில் பூசலைத் தேடுவது மிகை என்பது இதைவிட வலுவான மறுப்பு. சொல்பவர் நினைத்துச் சொல்வதில்லை என்பது சரி. ஆயினும் தஞ்சைக் களங்களில் அந்தச் சொல்லைச் சொல்லி அளந்த கை பெரும்பாலும் நெல்லுக்கு உரியவரின் கை அன்று. அளந்தவருக்குக் கூலியும் நெல்லே. கூலி நெல்லை உயர்த்தக் கேட்டு நடந்த போராட்டத்தின் ஊடேதான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். ஒரே மங்கலச் சொல். அது யாருடைய லாபம் என்பதில் உடன்பாடு இருந்ததில்லை.

மெட்ரிக் முறை இவற்றையெல்லாம் பழங்கதையாக்கிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 1956-இல் சட்டம் வந்து பதினோராண்டு கழிந்தும், 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் வாக்குறுதி தந்தது. கிலோவில் சொல்லியிருந்தால், அடுக்களையில் இருந்த படியை எடுத்து அந்த வாக்குறுதியை யாரும் அளந்து பார்த்திருக்க முடியாது.