செம்புப் பட்டணத்தின் கதவு

சென்ற திங்கள் என் பழைய மாணவர் ஒருவர் எனக்கு ஒரு மடல் விடுத்திருந்தார். ஸலாமும் நலமும் கூறிய பின் அவர் எழுதியிருந்த செய்தி இது: கல்லூரியில் பயிலும் அவருடைய மகள் இரவு நெடுநேரம் ஓர் ஆங்கில நாவலில் மூழ்கிக் கிடந்தாளாம். வாங்கிப் பார்த்தால் பக்கந்தோறும் ஜின்களும் மாயமும். நூலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். "ஹஜ்ரத், அன்று தாங்கள் எனக்குச் செய்ததையே இன்று நான் என் மகளுக்குச் செய்தேன். சரிதானே?" என்று கேட்டு மடலை முடித்திருந்தார்.

அன்று நான் செய்தது என் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், அவர் மத்ரஸாவில் ஓதும் சிறுவராக இருந்தபோது, கிதாபின் அடியில் ஒரு மாயாஜாலக் கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்தார். நான் அதைப் பறித்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கவே இல்லை.

மடலின் அடியில் மகள் படித்த நாவலின் பெயரும் இருந்தது: 'தி சிட்டி ஆஃப் பிராஸ்'. பித்தளைப் பட்டணம்! அப்பெயரைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரபுக் கிதாபுகளில் பழகியோர்க்கு அது புதிய ஊரன்று. மதீனத்துந் நுஹாஸ் என்னும் நம் பழைய செம்புப் பட்டணமே அது. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக நம் நூல்களில் வழங்கிவரும் ஒரு பட்டணத்தை நம் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு முன், அதன் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்ளுதல் நலமன்றோ?

பட்டணம் பிறந்த கதை

நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு உருகிய செம்பு ஊற்றாய் ஓடியதையும், ஜின்கள் அவர்கள் முன்னிலையில் பணிபுரிந்ததையும் திருமறையின் ஸபா அத்தியாயம் கூறுகிறது. இதனையொட்டிக் கதைசொல்லிகள் பலவற்றைப் புனைந்தனர். அடங்க மறுத்த ஜின்களைச் சுலைமான் நபி செம்புக் குடங்களில் அடைத்து முத்திரையிட்டுக் கடலில் எறிந்தார்கள் என்பது அவற்றுள் ஒன்று. மக்ரிபின் பாலையில் முழுவதும் செம்பாலான ஒரு பட்டணம் உண்டு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இணைந்து, 'அல்ஃபு லைலா' என்னும் ஆயிரத்தோர் இரவுகளில் ஒரு நெடுங்கதையாக அமைந்தன.

உமையா கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் (ஆட்சி: 685–705) அக்குடங்களைக் காண விரும்புகிறார். மூஸா பின் நுஸைர் தலைமையில் ஒரு கூட்டம் புறப்படுகிறது. இவ்விருவரும் வரலாற்று மாந்தரே. எனினும் அவர்கள் சென்றடைந்த ஊர் வரலாற்றில் இல்லை. அதன் மதில்களில் வாயில் தென்படவில்லை. மதிலேறியவர்கள் உள்ளே எதையோ கண்டு மயங்கிக் குதித்து மாண்டனர். இறைநாமத்தை ஓதியவாறு ஏறிய முதியவர் ஒருவரே பிழைத்தார். உள்ளே கடைத்தெருக்கள் திறந்திருந்தன, சரக்குகள் இருந்தன, வணிகர்கள் தத்தம் இடத்திலேயே இறந்து கிடந்தனர். காரணம் பஞ்சம். ஒரு படி தானியத்துக்கு ஒரு படி முத்துத் தர முன்வந்தும் அவர்களுக்குத் தானியம் கிடைக்கவில்லை. இதைக் கண்டு மூஸா அழுதார். அவர் அழுததைக் கண்ட பின்னும், இறந்த அரசியின் அணிகலன்களுக்கு ஆசைப்பட்டுக் கைநீட்டினான் ஒருவன். அவன் அங்கேயே அழிந்தான்.

காட்டிலோ மலையிலோ அன்றி, மக்கள் நெருங்கி வாழும் நகரத்தின் நடுவே மாயம் நிகழ்வதாகக் கூறும் கதைகளை இக்காலத்து ஆங்கில வாசகர்கள் 'அர்பன் ஃபேன்டஸி' எனத் தனி இனமாகப் பகுத்துள்ளனர். பட்டணத்து மாயக்கதை என நாம் சொல்லலாம். பெயர்தான் புதிது. பக்தாதின் அங்காடியையும் கெய்ரோவின் சந்துகளையும் களமாகக் கொண்ட அல்ஃபு லைலாவில் இவ்வினம் முன்னரே செழித்திருந்தது. மனைவியின் ஏச்சுக்கு அஞ்சி ஓடிய கெய்ரோ நகரத்துச் செருப்புத் தொழிலாளி மஃரூஃபை ஒரு ஜின் தூக்கிச் செல்லவில்லையா?

இரு தராசுகள்

இக்கதைகளை நம் அறிஞர்கள் எவ்வாறு நோக்கினர்? இதுவே நாம் கருத்தூன்ற வேண்டிய இடம்.

பத்தாம் நூற்றாண்டில் 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னுந் நதீம், அல்ஃபு லைலாவின் மூலமான பாரசீகக் கதைத்தொகுதியைச் சுவையற்றதென்று கருதினார். ஆயினும் தம் பட்டியலிலிருந்து அதனை நீக்கினாரில்லை. பிடிக்காத நூலையும் பதிந்து வைப்பதே அறிவுடைமை என அவர் எண்ணினார் போலும்.

வரலாற்று மேதை இப்னு கல்தூன் (1332–1406) 1377-இல் எழுதிய 'முகத்திமா'வில் செம்புப் பட்டணத்தையே எடுத்து ஆராய்கிறார். ஸிஜில்மாஸாப் பாலையில் அவ்வூர் இருப்பதாக மஸ்ஊதி கூறியதை அவர் ஏற்கவில்லை. பயணிகளும் வழிகாட்டிகளும் அப்பாலையை நெடுங்காலமாகக் கடந்து வருகின்றனர். எவரும் அப்படியோர் ஊரைக் கண்டிலர். மேலும், உலோகம் பாத்திரங்களுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் போதிய அளவே கிடைப்பது; அதனைக் கொண்டு ஓர் ஊரையே கட்டுதல் இயலாது என்கிறார். செய்தியைச் சொன்னவர் யார் என்பதோடு நில்லாது, சொன்னது நடக்கக் கூடியதா என்றும் வினவுக என்பதே அவர் வகுத்த நெறி.

ஆனால் அதே பட்டணத்தைக் கீழக்கரையில் ஒருவர் வேறு கண்ணால் கண்டார். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என மக்கள் அன்போடு அழைத்த இமாமுல் அரூஸ் சையிது முஹம்மது (ரஹ்) அவர்கள் (1816–1898) மார்க்கச் சட்டத்திலும் தஸவ்வுஃபிலும் தலைசிறந்தவர்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் எண்ணற்றோர்க்கு ஆசானாக விளங்கியவர்கள். அத்தகைய பெரியார் 'மதீனத்துந் நுஹாஸ்' கதையை அரபு எழுத்தில் எழுதப்படும் நம் தமிழில், அரபுத்தமிழில், உரைநடையாக ஆக்கித் தந்தார்கள். பின்னாளில் அது 'தாமிரப்பட்டணம்' என்ற பெயரில் தமிழ் எழுத்திலும் வந்தது. கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பை அவர்களும் 1885-இல் எகிப்தைக் களமாகக் கொண்ட 'அசன்பேயுடைய சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார்கள். முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879-இல். தமிழில் நாவல் கலை தளிர்த்த அந்நாளிலேயே நம் முன்னோர் அதில் கைவைத்துவிட்டனர் என்பது இதனால் தெளிவாகும்.

இப்னு கல்தூன் மறுத்த ஊரைக் கீழக்கரை ஆலிம் எழுதியது முரண்பாடன்று. முன்னவர் அதனை வரலாறு என்னும் தராசில் வைத்தார். அது எடை தேறவில்லை. பின்னவர் கதை என்னும் தராசில் வைத்தார்; அங்கே அதற்கு மதிப்பு உண்டு. முத்தைக் கொண்டு தானியம் வாங்க இயலாத ஊர் எங்கும் இருந்ததில்லை எனினும், அக்கதை புகட்டும் படிப்பினை பொய்யாவதில்லை. நாம் அஞ்ச வேண்டியது கதையை அன்று. எதை எந்தத் தராசில் வைப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தராத நம் சோம்பலையே.

நான் பரிந்துரைக்கும் நூல்கள்

மாணவரின் மடலுக்குப் பிறகு இத்தகைய நாவல்கள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில் என் நடை ஆமை நடை, அகராதி அருகிருந்தது. அவற்றுள் நான்கைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, பூட்டப்பட்ட அந்நூலே. இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி எஸ்.ஏ. சக்ரவர்த்தி 2017-இல் இதனை வெளியிட்டார். இதனைத் தொடர்ந்து 'தி கிங்டம் ஆஃப் காப்பர்' (2019), 'தி எம்பயர் ஆஃப் கோல்ட்' (2020) என மேலும் இரு பாகங்கள் வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுப் படை புகுந்த கெய்ரோவில், குறி சொல்லியும் ஏமாற்றியும் பிழைக்கும் நஹ்ரி என்னும் பெண் பித்தளை மதில் சூழ்ந்த ஜின்களின் பட்டணத்தை அடைகிறாள். அங்கே மனிதக் கலப்புடையோர் இழிந்தோராக ஒடுக்கப்படுகின்றனர். தொழுகை தவறாத இளவரசன் அலீ, தன் தந்தையின் ஆட்சியில் நிகழும் அந்த அநீதியைக் கண்டு உறங்காது தவிக்கிறான். இறையச்சமும் நீதியும் ஒன்றையொன்று பிரிய முடியுமா என்பதே இந்நூல் எழுப்பும் வினா.

இரண்டாவது, ஜி. வில்லோ வில்சன் எழுதிய 'அலிஃப் தி அன்சீன்' (2012). உலகக் கனவுப்புனைவு விருதை 2013-இல் பெற்றது. பெயர் சொல்லப்படாத ஒரு வளைகுடா நகரம். அரபுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த இளைஞன் ஒருவன் கணினியின் துணையால், அரசின் கண்காணிப்புக்கு ஆளானோரைக் காக்கிறான். ஜின்கள் வரும் இக்கதையில் என் உள்ளத்தில் நின்றவர் அவர்களல்லர். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குப் பள்ளிவாசலைத் திறந்துவிட்டு, அதற்காகத் துன்புற்ற முதிய ஷெய்கு பிலால்தான். கல்லூரிப் பிள்ளைகள் இந்நூலிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது, பி. ஜெலி கிளார்க்கின் கெய்ரோக் கதைகள். 1912-ஆம் ஆண்டின் கெய்ரோவில் ஜின்கள் மனிதரோடு கலந்து வாழ்வதாகவும், அவர்களின் விவகாரங்களைக் கவனிக்க ஓர் அமைச்சகமே உள்ளதாகவும் இவற்றை அமைத்துள்ளார். 'தி ஹாண்டிங் ஆஃப் டிராம் கார் 015' (2019) என்னும் சிறுநாவலில், டிராம் வண்டியில் குடிபுகுந்த ஆவியை வெளியேற்ற இரு அதிகாரிகள் படும் பாடு சிரிப்பூட்டும். ஜின்களுக்கு வாயில் திறந்தவராக இவர் புனைந்த பாத்திரத்தின் பெயர் அல்ஜாஹிள். உண்மையான அல்ஜாஹிளோ ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த பேரறிஞர். தனிமையில் பாலையைக் கடப்போரின் மனமே இல்லாத ஒலிகளையும் உருவங்களையும் படைத்துக்கொள்கிறது என்னும் விளக்கத்தைத் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் பதிந்தவர். நெபுலா விருது பெற்ற 'எ மாஸ்டர் ஆஃப் ஜின்' (2021) இவ்வரிசையின் பெரிய நாவல். அதில் நம் குடும்பங்கள் ஏற்காத உறவுச் செய்திகளும் உள. பெற்றோர் முன்னரே படித்து முடிவு செய்க.

நான்காவது நூலை அரபியிலேயே படித்தேன். இராக்கிய எழுத்தாளர் அஹ்மது சஃதாவியின் 'ஃபிராங்கன்ஸ்டைன் ஃபீ பக்தாத்' (2013). மறு ஆண்டே அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றது. 2018-இல் ஆங்கிலத்திலும் வந்தது. 2005-ஆம் ஆண்டின் பக்தாதில் குண்டுவெடிப்புகளில் சிதறியோரின் உறுப்புகளைச் சேர்த்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவன் ஓர் உடலைத் தைக்கிறான். அது உயிர்பெற்றுப் பழிவாங்கப் புறப்படுகிறது. நீதி தேடிப் புறப்பட்ட அது, தன் உறுப்புகள் அழுகி உதிர உதிர, புதிய உறுப்புகளுக்காகவே கொல்லத் தொடங்குகிறது. பழியால் நீதியை நிறுத்த முடியாது என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல இயலாது. ஆரூனுர் ரஷீது மாறுவேடத்தில் உலவியதாக நாம் கதை கேட்ட அதே நகரம்! இது சிறுவர்க்கு ஆகாது. நெஞ்சுரம் உள்ள பெரியோர்க்கே உரியது.

என் மறுமொழி

ஜின்கள் உண்டென்பது நம் ஈமானைச் சார்ந்தது. இந்நாவல்களில் வரும் ஜின்கள் எழுத்தாளரின் கற்பனையைச் சார்ந்தவர்கள். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்குக் கால் மணி நேரம் போதும். சுலைமான் (அலை) அவர்கள் ஊன்றியிருந்த கோலைக் கறையான் அரித்து அவர்கள் சாயும்வரை ஜின்கள் அவர்களின் மறைவை அறியவில்லை என்பதை அதே ஸபா அத்தியாயத்திலிருந்து காட்டி, மறைவானவற்றை ஜின்களும் அறியா எனச் சொல்லிவைத்தால், எந்த மாயக்கதையும் அவர்களை மயக்காது. நூலைப் பூட்டுவதற்கும் கால் மணி நேரம் வேண்டாம். ஆனால் பூட்டிய வீட்டில் பிள்ளைகள் நம்மிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவர்.

இவ்வாறே என் மாணவருக்கு எழுதினேன். "அலமாரியைத் திறந்து நூலை மகளிடம் கொடுங்கள். அவள் படித்து முடித்ததும் மதீனத்துந் நுஹாஸின் கதையை நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள். அன்று நான் செய்தது தவறு. உங்களிடம் பறித்த புத்தகம் இப்போது என்னிடம் இல்லை, அதற்கு ஈடாக மேலே சொன்ன நூல்களுள் ஒன்றை அனுப்பியுள்ளேன், மறுக்காமல் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று முடித்தேன்.

மூன்றாம் நாள் மறுமடல் வந்தது. நான் அனுப்பிய நூலை மகள் முதலில் எடுத்துக்கொண்டாளாம். அவள் முடிக்கும் வரை இவர் காத்திருக்கிறாராம்.