படுகளமும் அன்னப் படகும்

கதையைப் பாட்டாகவே நடித்துக் காட்டும் நாடகத்தை ஐரோப்பியர் ‘ஒபரா’ என்பர். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, ஜேர்மனிய இசைஞர் ரிச்சர்ட் வாக்னர் இயற்றி, 1850இல் வைமர் நகரில் அரங்கேறிய ‘லோஹென்கிரின்’.

அதன் கதை இது. தம்பியைக் கொன்றாள் என்று எல்சா என்னும் இளவரசிமீது பழி விழுகிறது. அன்னம் இழுத்துவரும் படகில் பெயர் தெரியாத வீரன் ஒருவன் வந்து, அவளுக்காக வாளேந்தி வெல்கிறான். தன் பெயரையும் ஊரையும் ஒருபோதும் கேட்கக்கூடாது என்பது அவன் நிபந்தனை. மணநாளிரவில் ஐயம் மேலிட்டு அவள் கேட்டுவிடுகிறாள். அவன் பிரிந்து செல்கிறான். அன்னமாக இருந்த தம்பி உருமாறி உயிரோடு நிற்கிறான். அக்காளோ சரிந்து மடிகிறாள்.

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது பதுளை, பசறை, நமுனுகுலைத் தோட்டங்களின் லயத்து முற்றமே. காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத்தார் பேணிய மற்றொரு கூத்து பொன்னர் சங்கர். அதுவும் வாள்வீரர் கதைதான். விடிய விடியப் பாடப்படுவதுதான்.

கொங்கு நாட்டிலே பங்காளிகளால் நிலம் பறிக்கப்பட்டுத் துரத்தப்பட்ட குன்னுடையாருக்கும் தாமரைக்கும் பிறந்த இரட்டையர் பொன்னரும் சங்கரும். அவர்களின் தங்கை அருக்காணி. சகோதரர் இழந்த மண்ணை மீட்கின்றனர். வேட்டுவரோடு பகை மூள்கிறது. கொம்பன் என்னும் பன்றி கொல்லப்படுகிறது. முடிவில், தன் காலம் முடிந்ததென உணர்ந்த சங்கர் தன் வாளிலேயே பாய்ந்து மடிகிறான். பொன்னரும் அவ்வழியே செல்கிறான். தங்கை காடெல்லாம் தேடிப் படுகளத்தை அடைந்து அண்ணன்மாரை எழுப்புகிறாள். சற்றுநேரம் பேசிவிட்டு அவர்கள் மீண்டும் கண்மூடுகிறார்கள்.

அங்கே தம்பி மீள, அக்காள் மடிகிறாள். இங்கே அண்ணன்மார் மடிய, தங்கை தனித்து நிற்கிறாள். இரண்டிலும் போர் ஆண்களுடையது. இழப்பின் முழுப்பாரமும் பெண்ணுடையது.

இக்கதையை 1965இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் உடுக்கடிப் பாடகர்களிடமிருந்து ஒலிநாடாவில் பதிவு செய்தவர் கனடிய ஆய்வாளர் பிரெண்டா பெக். அது 1992இல் சென்னையிலிருந்து இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஆனால் நம் முன்னோருக்கு ஒலிநாடாவும் இல்லை, ஏடும் இல்லை. திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மனத்திலே அதைச் சுமந்து வந்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தது, கதை அழியவில்லை.

இங்கே ஒரு கேள்வி. நிலவுடைமையாளரின் கதையை, ஒரு பேர்ச் நிலமும் இல்லாதவர் ஏன் பாடினார்? கொங்கு நாட்டில் அது குடிப்பெருமையின் கதையாகவும் இருந்தது. லயத்திலோ, பல சாதியார் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்தனர். அவர்களுக்குக் குன்னுடையாரின் வாழ்வே தங்கள் வாழ்வாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பறிபோன மண், பிறர் மண்ணில் உழைப்பு, என்றோ மீளும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் முறிந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. அந்தப் பிரிவில் அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலுமாக நின்ற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குப் படுகளம் வெறும் கூத்தாகவா இருந்திருக்கும்?

வாக்னரின் பாட்டுக்கு எழுதிய சுரத்தாள் உண்டு. இன்னும் நூறாண்டு சென்றும் பாடலாம். நம் கூத்துக்கு ஏடு முதியவரின் நினைவே. நேயர்களே, உங்கள் தோட்டத்தில் படுகளம் பாடத் தெரிந்தவர் எவரேனும் இருந்தால், ஒரு மாலைப்பொழுது அவர் அருகே அமருங்கள். எல்சா கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டு இழந்தாள். நாமோ கேட்க வேண்டியதைக் கேளாமலே இழந்துவிடக் கூடாது.