சொல்விளம்பி முதல் சாவுகிராக்கி வரை

வெளிப்படையாகச் சொல்லக் கூசும் பொருளை, அல்லது சொல்ல அஞ்சும் பொருளை, வேறொரு சொல்லால் உணர்த்துவதைத் தமிழ் இலக்கணம் தகுதி வழக்கு என்று அழைக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, சமண முனிவராகிய பவணந்தியார் இயற்றிய நன்னூல் அதனை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தது. இவற்றுள் மூன்றாவதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் நம்மை வியக்க வைப்பவை. வேடர்கள் தமக்குள் கள்ளைச் சொல்விளம்பி என்றார்களாம். சொல்லை விளம்பச் செய்வது, அதாவது வாயில் அடைத்து வைத்த மறைபொருளையெல்லாம் வெளியே கொட்ட வைப்பது! பொற்கொல்லர்கள் பொன்னைப் பறி என்றார்களாம். அச்சொல்லைக் கேட்டபின் நம் நகையை நிறுவையில் வைக்கக் கை சற்றே தயங்காதோ?

இவை வெறும் மறைசொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வரையறை. கள் என்ன செய்யும் என்பதை அகராதியைக் காட்டிலும் அந்த வேடர் நன்கு அறிந்திருந்தார். சிரிப்பு வருகிறது, சிரித்து முடிந்தபின் ஏதோ ஒன்று நெஞ்சில் உறுத்துகிறது. இத்தகைய சொல்லாக்கம் நம் மொழியில் எவ்வளவு பழமையானது என்பதையும், அது வடசென்னையின் தெருக்கள் வரை எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும் சிறிது காண்போம்.

மங்கலம் எனப்படுவது அச்சத்தின் பிள்ளை. கடித்தால் உயிரைப் போக்கும் பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர். கறுத்த ஆட்டையும் வெள்ளாடு என்கிறோம். சுடுகாட்டை நன்காடு என்றனர் முன்னோர். இவற்றினும் நம் மனத்தை வருத்துவது அம்மை நோய் பற்றிய வழக்கு. முகத்தை உருக்குலைத்து, கண்ணைப் பறித்து, குடும்பம் குடும்பமாக அழித்த நோயின் கொப்புளங்களை நம் தாய்மார் முத்து என்றனர். பிள்ளையின் உடலில் முத்துப் போட்டிருக்கிறது என்று அவர்கள் சொன்னபோது நோய்க்கு அணிகலனின் பெயரைச் சூட்டினார்கள். கோபித்துக் கொள்ளாமல் இறங்கிப் போகட்டும் என்று. பெரியம்மை இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு ஒழிந்தது. முத்து என்னும் சொல்லோ சின்னம்மைக்கு உரியதாக இன்றும் வாழ்கிறது.

தமிழில் சொற்பொருள் வரலாற்றைப் பேசுவோர் வீரமாமுனிவரைக் கடந்து போக இயலாது. 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி, 1732இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்ட அந்நூல், நிகண்டுகளைச் செய்யுளாக மனனம் செய்து வந்த தமிழுக்கு அகர வரிசையில் சொல் தேடும் பழக்கத்தைத் தந்தது. இது அனைவரும் அறிந்ததே. நாம் சொல்ல விரும்புவது வேறு. சொல்லுக்குச் சரியான பொருள் எழுதிய அதே கை, பொருள் பிசகினால் என்ன நேரும் என்பதையும் எழுதியது. அந்நூலே பரமார்த்த குரு கதை.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களின் துன்பம் அனைத்தும் வரையறைத் துன்பமே. பூசணிக்காய்க்குக் குதிரை முட்டை என்று ஒருவன் பொருள் சொல்கிறான். நம்பி விலை கொடுக்கிறார்கள். கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்ததும் சீறினால் ஆறு விழித்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட இலக்கணம். இவ்வளவும் குழந்தைகள் சிரிக்க உகந்தவை. ஆனால் கதையின் முடிவைக் கவனிக்க வேண்டும். ஆசனம் குளிர்ந்தால் மரணம் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். விளையாட்டாகச் சொன்னாரோ, தொல்லை தாளாமல் சொன்னாரோ, ஒரு நாள் குருவின் ஆசனம் குளிர்ந்து விடுகிறது. குருவும் வரையறையை நம்புகிறார், சீடரும் நம்புகின்றனர். கண்ணெதிரே இருக்கும் மனிதரைக் காட்டிலும் அவரைப் பற்றிய வரையறை வலிமை பெற்றுவிட, கதை அவருடைய சாவில் முடிகிறது. இதனைச் சிறுவர் கதை என்று ஒதுக்கியோர் கடைசிப் பக்கம் வரை வாசித்தார்களா என்ற ஐயம் நமக்கு உண்டு.

குருமடத்தில் இலத்தீன் பயின்றோர்க்கு நினைவிருக்கலாம்: வரையறை என்பதற்கான அம்மொழிச் சொல், ஃபீனிஸ் என்பதிலிருந்து பிறந்தது. அதற்கு எல்லை என்றும் பொருள், முடிவு என்றும் பொருள்.

பெரம்பூருக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள வேப்பேரி, அகராதிக்குப் பேர்போன இடம். பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1761இல் புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சுப்பொறி அங்கு வந்து சேர, லுத்தரன் மறைப்பணியாளர் ஃபப்ரீசியுஸ் 1779இல் தம் தமிழ் ஆங்கில அகராதியை அச்சிட்டார். அத்தனை சொற்களுக்குப் பொருள் கண்ட அவர், கடன் என்னும் சொல்லின் பொருளை முதுமையில் சிறையில் கற்க நேர்ந்தது. பிறருக்காகப் பணம் கொடுக்கல் வாங்கலில் சிக்கியவர் 1791இல் மறைந்தார்.

அகராதிக்குள் நகைச்சுவையை ஒளித்து வைத்தோர் ஐரோப்பாவிலும் இருந்தனர். 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மனிதருக்கும் உணவாகும் தானியம் என்னும் கருத்தில் பொருள் எழுதியது. அரசு தரும் ஓய்வூதியத்தை நாட்டுக்குத் துரோகம் செய்வதற்கான கூலி போல் விளக்கிய அவரே, 1762இல் அரசரிடமிருந்து ஆண்டுக்கு 300 பவுன் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டார். அமெரிக்கச் செய்தியாளர் ஆம்புரோஸ் பியர்ஸ் அகராதி முழுவதையுமே இவ்வாறு எழுதினார். 1906இல் வேறு பெயரில் வந்த அது 1911இல் சாத்தானின் அகராதி எனப் பெயர் பெற்றது. தனியாக இருப்பது என்றால் தீயோர் சேர்க்கையில் இருப்பது என்பது அவர் கண்ட பொருள். 1913இன் இறுதியில் உள்நாட்டுப் போர் நடந்த மெக்சிகோவுக்குச் சென்றவர் திரும்பவில்லை. கூர்மையான அறிவுதான். ஆயினும் அவருடைய சிரிப்பில் இரக்கம் குறைவு என்பது நம் கணிப்பு.

பெரம்பூரின் அகராதியை எவரும் அச்சிட்டதில்லை. ஆலையும் இரயில்வே பட்டறையும் வளர்த்த ஊர் இது. ஆலையின் ஊதலுக்கு மக்கள் வைத்த பெயர் சங்கு. சங்கு ஊதினால் வேலைக்கு ஓட வேண்டும். சாவு வீட்டிலும் சங்குதான் ஊதும். ஆகவே ஒருவர் கதை முடிந்தது என்பதற்கு அவருக்குச் சங்கு ஊதியாயிற்று என்கிறார்கள். பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டபோது அச்சொல் இரு பொருளிலும் மெய்யாயிற்று. 1955 அக்டோபர் 2 அன்று இரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்ட இவ்வூரில், இறந்தவரை டிக்கெட் வாங்கிவிட்டார் என்று சொல்வதும் எவர்க்கும் புதிராக இராது. திரும்பிவரும் டிக்கெட் அன்று என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

சாவுகிராக்கி என்பதை வசைச்சொல் என்று முகம் சுளிப்பவர் உண்டு. கிராக்கி என்றால் வாடிக்கையாளர், ரிக்‌ஷாக்காரருக்குச் சவாரி. மனிதரை மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது, சொல் ஒழியவில்லை. வண்டியின் குறுக்கே பாய்பவனைப் பார்த்து, நீ என்னிடம் சாவை விலைக்குக் கேட்டு வந்தவனா என்கிறார் ஓட்டுபவர். அதை விற்க விருப்பமில்லாதவரின் நடுக்கமும் அந்த வசைக்குள் இருக்கிறது. நாம் அதை ஒருவகை அருள்வாக்காகவே கேட்டு வந்திருக்கிறோம்.

கருங்காலி என்னும் சொல்லை அவ்வாறு எளிதில் ஏற்க முடியவில்லை. அது நல்ல வைரம் பாய்ந்த மரத்தின் பெயர். வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குச் செல்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டித் தொழிற்சங்க உலகம் அதை வசையாக்கிக் கொண்டது. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்று மக்கள் அதற்கு விளக்கமும் சொல்வர். நகைக்கத்தக்க பொருத்தம்தான். ஆனால் பெரம்பூரின் வரலாற்றை வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று இங்கே பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் தொட்டில் என நாம் பெருமை கொள்வது நியாயமே. 1921இல் நீண்ட வேலைநிறுத்தம் வந்தது. ஆலைக்குத் திரும்பியவருள் பெரும்பாலோர் ஆதி திராவிடர். வேலைநிறுத்தம் சாதிப் பகையாக மாறிற்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன; காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரு நாள் கூலி நின்றால் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து ஆலை வாயிலுக்கு நடந்தவரையும், நிர்வாகத்தின் கைக்கூலியாய் நடந்தவரையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட முடியும். வரையறையின் வசதி அதுவே. சங்கத்தின் கோரிக்கை நேர்மையானது. அதை நாம் மறுக்கவில்லை. கூரை எரிந்தவர் தரப்பில் அந்த ஆண்டுக்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்று மட்டும் கேட்கிறோம்.

மேலிருந்து வந்த வரையறைகளும் தெருவுக்கு இறங்கின. நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் கேப்மாரி, பழைய காவல்துறை நூல்கள் திருட்டுக் கூட்டம் என்று குறித்த ஒரு மக்கள் பிரிவின் பெயர். 1871இல் வடநாட்டில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணம் வரை விரிந்த குற்றப் பழங்குடியினர் சட்டம், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக்கூடப் பிறப்பாலேயே குற்ற இனத்தவன் என எழுத இடமளித்தது. விடுதலைக்குப் பின் சட்டம் நீக்கப்பட்டது. ஏச்சு நிலைத்தது.

புறம்போக்கு என்பதும் அத்தகையதே. வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்ட பொது நிலத்தை அது குறித்தது: ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, கடற்கரை. எல்லார்க்கும் உரியதை எவர்க்கும் ஆகாதது என்று பொருள் மாற்றிக்கொண்ட நாம், பிறகு அதனை மனிதர்மேல் எறிந்தோம். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததைப் பார்த்தவர்கள் அப்பொருள் மாற்றத்தின் விலையை அறிவர். 2017இல் டி.எம். கிருஷ்ணா அக்கழிமுகத்தில் நின்று பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடல், ஏச்சாகிப் போன அச்சொல்லை அதன் பழைய பெருமைக்குத் திருப்ப முயன்றது. வருவாய்ப் பதிவேடுகளோ இவ்வாதம் எதிலும் கலந்துகொள்வதில்லை. நன்னூல் உரையாசிரியர்கள் நன்காடு என்று நயமாகச் சொன்ன இடம், அவற்றில் இன்றும் மயானப் புறம்போக்கு என்றே எழுதப்படுகிறது.